பனி அள்ளும் மெஷினும் என் வீட்டுக்காரர் கையும்

காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்குப் பனி அள்ளக் கற்றுத்தர முடியுமா? போன ஞாயிறு எங்கள் வீட்டில் நடந்தது, கேளுங்கள்.

என் தம்பி குமார் பிரெஞ்சு குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்தவன். இப்போது பிரான்ஸில் ஒரு மலையடிவார ஊரில் இருக்கிறான். பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. இங்கே நாங்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவனுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். வீடியோ காலில் வந்தான். அவன் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி!

"அக்கா, புது மெஷின் வாங்கியிருக்கேன். பனிய அள்ளி அந்தாண்ட வீசிடும், பாருங்க!"

போனை ஜன்னலில் சாய்த்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தான். அவ்வளவுதான்... அள்ளிய பனி முழுக்க அவன் முகத்திலேயே வந்து விழுந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. திருமலைராயன்பட்டினம் பக்கம் நெல் விவசாயம் பார்க்கிறவர் அவர். பனியை டிவியில் பார்த்ததோடு சரி.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குது மாப்ள? எதுக்காத்துல தூத்துனா பதரு மூஞ்சிலதான் விழும். பனிய வீசுற குழாய காத்து போற பக்கம் திருப்புங்க. கழுத்துல தொங்குற மப்ளரையும் கழட்டி வைங்க, மெஷின் சுத்தி இழுத்துடும்."

குமார் அப்படியே செய்தான். பனி வேலியோரம் அழகாகப் போய் விழுந்தது. பாதி வாசல் முடிந்திருக்கும்... மெஷின் திணறி நின்றது. ஈரப் பனி உள்ளே அடைத்துக்கொண்டுவிட்டது.

களத்தில் கதிரடிக்கும் மெஷினில் வைக்கோல் அடைத்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கையை விட்டு இழுப்பார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவன்தானே! மெஷினை ஆஃப் செய்துவிட்டு, குனிந்து, கையை உள்ளே கொண்டுபோனான்.

"கைய எடுறா!"

இவர் போட்ட சத்தத்தில் நான் ரசத்தைக் கொட்டிவிட்டேன். மச்சானை இவர் 'டா' போட்டு நான் கேட்டதே இல்லை.

"ஆஃப் பண்ணிட்டேனே அத்தான்..."

இவர் சோற்றுப் பருக்கையோடு வலது கையை போன் முன்னால் நீட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லாத கை. கதிரடிக்கும் மெஷினில் போனது என்று எல்லோருக்கும் தெரியும். எப்படிப் போனது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"நானும் ஆஃப் பண்ணிட்டுத்தான் மாப்ள விட்டேன்."

குமார் கையை வெளியே இழுத்தான். ஒரு கட்டையை எடுத்துவந்து உள்ளே குத்தினான். அடைப்பு விட்டதும், முறுக்கேறிச் சிக்கியிருந்த பிளேடு விருட்டென்று சுழன்றது. கட்டை முறிந்து தெறித்தது. எஞ்சின் நின்றுதான் இருந்தது!

நம் ஊரில் பனி கொட்டாது, சரி. மிக்ஸி இருக்கிறதே? அறுவடை மெஷின் இருக்கிறதே? சுவிட்சை அணைத்ததும் எல்லாம் அடங்கிவிட்டது என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எந்தக் கல்யாண போட்டோவிலும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர் இவர். கேமரா முன்னால் அவராகவே அதை நீட்டியது அன்றுதான்.