சிவப்பாகத் தெரிந்தவை

எங்கள் அண்ணன் கோபத்தில் எட்டி உதைக்காத பொருள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. பீரோவின் கீழ்க்கதவு அவன் காலால் நசுங்கியது. என் சைக்கிள் சக்கரம் கோணியதும் அவன் புண்ணியத்தில்தான். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே அவனுடைய சாயப்பட்டறை இருந்தது. ஒருநாள் பட்டுநூலில் கிளிப்பச்சை திட்டுத்திட்டாகப் பிடித்துவிட்டது. வேலையாளை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே, கொதிக்கும் சாய அண்டாவை ஓர் உதை விட்டான். அண்டா அவன் பக்கமே சாய்ந்தது. வலது முழங்காலுக்குக் கீழே தோல் மொத்தமாகக் கழன்று வந்தது.

அவனுக்குச் சர்க்கரை வேறு. புண் ஆறவில்லை, அழுகியது. கூடத்தில் யாரும் சாப்பிட முடியாத அளவுக்கு நாற்றம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பூசி மெழுகாமல் சொன்னார்: முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், விட்டால் விஷம் ரத்தத்தில் ஏறி ஆளையே கொண்டு போய்விடும், வியாழக்கிழமை வந்து சேருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கையிலிருந்த சொம்பைச் சுவரில் அடித்தான். "கால எடுத்துட்டா பட்டறையில எப்டி நிக்கறது? கொக்கு மாதிரியா?" என்று கத்தியவன், என் பக்கம் திரும்பினான். "பாப்பா, நீதான் காலேஜ்ல வெள்ளிய வச்சி கிருமிய கொன்னுக்கினு இருக்கியே. இதையும் கொல்லு."

நான் செய்துகொண்டிருந்தது கொலைதான், அதை நாசூக்காகச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளித் துகள்களைப் பாக்டீரியாக்கள் மேல் ஏவிவிடுவேன். துகள்கள் அவற்றின் தோலில் ஒட்டிக் கிழிக்கும், உள்ளே இருப்பது வெளியே ஒழுகும். இதைப் பார்ப்பதற்கு ஒளிரும் சாயங்கள் இரண்டு உண்டு. ஒன்று எல்லாப் பாக்டீரியாவுக்குள்ளும் போய்ப் பச்சையாக ஒளிரும். மற்றது தோல் கிழிந்தவற்றுக்குள் மட்டுமே நுழையும், சிவப்பாக ஒளிரும். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது, சிவப்பு என்றால் செத்துவிட்டது. பச்சை சிவப்பாக மாறுவதை மைக்ராஸ்கோப் திரையில் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அண்ணனின் ரத்தம்தானே எனக்கும்.

என் ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: சோதித்துப் பார்க்கலாம், காலில் எதையும் பூசக் கூடாது. புண்ணை என்னிடம் காட்ட அண்ணன் ஒப்பவில்லை. கிருமி நீக்கிய பஞ்சுக்குச்சியை அண்ணியிடம் கொடுத்தேன். கட்டு மாற்றும்போது அவர்தான் சீழைத் தொட்டு எடுத்துக் குப்பியில் போட்டுத் தந்தார். கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துப் பார்க்க நேரமில்லை. புதன்கிழமை மதியம் சீழை அப்படியே கரைத்துச் சோதித்தேன்.

அண்ணனை வீட்டில் இருக்கச் சொன்னால் கேட்பானா? அண்ணியோடு ஆட்டோ பிடித்து வந்து, ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டான். காலை ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தான். அங்கிருந்தே திரை அவனுக்குத் தெரிந்தது.

வெள்ளி போட்ட கரைசலில் ஒரு சொட்டை முதலில் பார்த்தேன். திரை முழுக்கச் சிவப்பு.

"செகப்புன்னா செத்துதுங்கன்னு தானே சொன்ன?" என்று வெளியிலிருந்து கத்தினான்.

"ஆமாணா. இரு, இன்னொன்னு பாக்கணும்."

அவன் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "எனக்கு பெட்டு வேணாம், வேற எவன் காலையாவது வெட்டுங்க" என்று கூவினான். அண்ணி ஏகாம்பரநாதர் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தச் சிவப்பு நிஜமாக இருக்க வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டேன்.

வெள்ளி போடாத சொட்டை வைத்தேன். அதிலும் சிவப்பு. எதையோ மாற்றி வைத்துவிட்டேன் என்று நினைத்து, வெள்ளியும் சேர்க்காமல், என் சாயங்களையும் சேர்க்காமல், வெறும் சீழ்க் கரைசலை வைத்துப் பார்த்தேன். அதுவும் சிவப்பாகவே ஒளிர்ந்தது. நான் போடாத ஏதோ ஒன்று வீட்டிலிருந்தே வந்திருந்தது.

கத்தரிக்கோலோடு வெளியே போய் அண்ணன் காலருகே மண்டியிட்டுக் கட்டை வெட்டினேன். ஆஸ்பத்திரித் துணிக்கு அடியில், புண்ணோடு ஒட்டிக்கொண்டு, ராணி கலர் பட்டுத்துண்டு ஒன்று இருந்தது. சீழில் ஊறி, சாயம் இளஞ்சிவப்பாக ஒழுகியிருந்தது.

"நாந்தான் வச்சேன் பாப்பா" என்றார் அண்ணி. "அந்தத் துணிய எவன் தொட்டானோ, இன்னா தீட்டோ. பட்டு எப்பவுமே சுத்தம்தானேமா? சாமி கும்புட துவைக்காமயே கட்டிக்கிறோமே."

எங்கள் வீட்டில் அதைத் தப்பென்று சொல்ல ஆளில்லை. துவைக்காத பருத்தி பூஜை அறைக்குள் போகக் கூடாது, பட்டு போகலாம். புண்ணுக்கும் அதே சட்டம் என்று அண்ணி நினைத்துவிட்டார். ஆனால் அந்த ராணி கலர் சாயம் எங்கள் மைக்ராஸ்கோப் வெளிச்சத்தில் பளீரென்று சிவப்பாக ஒளிரும். கிருமிகள் அதில் ஊறி, உயிரோடு, சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தன.

"எதுவும் சாகலணா. இது உன் பட்டறை சாயம்."

பொளேரென்று கன்னத்தில் அறைந்தான். காது அடைத்துப்போயிற்று. எனக்கும் வெறி வந்தது. பட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சதையும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. அவன் அலறிய அலறலில் மாடியிலிருந்தவர்கள்கூட ஓடி வந்தார்கள். "பொய் சொல்றடி!" என்று எழுந்து, பழக்கதோஷத்தில் அந்தக் காலாலேயே கண்ணாடிக் கதவை உதைத்தான். கண்ணாடியில் விரிசல் விழுந்தது, அவனும் விழுந்தான். தரையெல்லாம் ரத்தமும் சீழும். அண்ணி தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

வாயால் சொல்லி அவனை நம்ப வைக்க முடியாது. புதுக் கட்டுப் போட்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வெள்ளி போட்ட கரைசலை எடுத்துக் கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பி, சூட்டுப் பெட்டியில் வைத்தேன். காலையில் போய்த் திறந்தால் தட்டு முழுக்கக் கிருமி, இடைவெளியே இல்லாமல் பரவிக் கிடந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அண்ணன் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான். போட்டோவை முகத்துக்கு நேரே நீட்டினேன். "வெள்ளி போட்டும் இவ்ளோ வளர்ந்திருக்குது. இதுதான் உன் கால்ல இருக்குது. மேல ஏறிக்கினு இருக்குது."

அவன் போனைப் பிடுங்கிப் பார்த்தான். "பெட்டு இருக்குமாடி?" என்றான்.

"நேத்தே போன் பண்ணி பேசிட்டேன். வச்சிருக்காங்க."

காலை எடுத்தார்கள். உயிர் பிழைத்தான். ஆனால் என்னோடு பேசவில்லை. நான் ஆய்வகத்துக்குப் போய், அந்தக் கிருமியைப் பிரித்து, சாயம் போகக் கழுவி, தனியாக வளர்த்தேன். பிறகு வெள்ளியின் அளவை ஏற்றிக்கொண்டே போனேன். அதில் ஆராய்ச்சி ஆர்வம் என்று எதுவும் இல்லை, பழிவாங்கும் வெறிதான்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் அவன் அருகே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கூரையைப் பார்த்தபடியே கேட்டான். "அதுங்க இன்னும் உன் காலேஜ்ல இருக்குதுங்களா?"

"இல்லணா. கொன்னுட்டேன்."

"நின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"செகப்பாச்சா?"

"பூராவும்."

"சாயம் கீயம் இல்லியே?"

"இல்ல. வெள்ளி போடாததையும் பக்கத்துல வச்சிப் பாத்தேன். அது பச்சையாவே இருந்துது."

என் பக்கம் திரும்பினான். "அப்ப அந்த வெள்ளிய என் கால்ல ஊத்தியிருந்தா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். "அவ்ளோ ஊத்துனா உன் சதையும் செத்திருக்கும்ணா."

அவன் முகம் பழையபடி சிவந்தது. பல்லைக் கடித்தான். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியை எட்டி உதைத்தான். போர்வை ஒருமுறை தூக்கிப் படிந்தது. கம்பியில் எதுவும் படவில்லை.

அவன் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.