தடித்த சிலுவை

எண்பதுகளின் நடுப்பகுதி. பீடோங் என்ற சின்ன ஊரில் ஒரு கடைவீட்டின் மாடியில் எனக்கு வேலை. ரப்பர் எஸ்டேட்டுகளுக்குச் சம்பளக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர் ப்ரோகிராம்களை எழுதினேன். முதலாளி எங்கள் சபையின் மூப்பர். அவர் மனம் வைத்ததால்தான் பால்மரம் வெட்டப் போகாமல் தப்பினேன். அப்பா இதைத் தினமும் நினைவுபடுத்துவார்.

அங்கே எழுத இரண்டு வழிகள். கம்ப்யூட்டரோடு வந்த எடிட்டர் மொட்டை எழுத்துகளை மட்டும் சேமிக்கும். பார்த்தால் அழுகை வரும். முதலாளி ஆசையாய் வாங்கிய வேர்ட் பிராசசரோ எழுத்தைத் தடிப்பாக்கும், நடுவில் நிறுத்தும், அடிக்கோடு போடும். அதற்காகக் கண்ணுக்குத் தெரியாத குறிகளை உள்ளே செருகிவைக்கும். கடிதத்துக்கு நல்லது. ப்ரோகிராமுக்கு விஷம், மெஷின் அந்தக் குறிகளையும் கட்டளை என்று படித்துத் திணறும்.

நான் எடிட்டரில்தான் எழுதினேன். ஆனால் இந்துக்கள் பிள்ளையார் சுழி போடுவதுபோல, முதலாளிக்குத் தலையில் சிலுவை இல்லாமல் எதையும் தொடங்கக் கூடாது. கூட்டல் குறிகளை அடுக்கிச் செய்த சிலுவை, நடுவில், தடிப்பாக. நான் வீட்டுக்குப் போனபின் என் ப்ரோகிராமை வேர்ட் பிராசசரில் திறந்து அதைப் போட்டுச் சேமித்துவிடுவார். காலையில் எதுவும் ஓடாது.

மெஷின் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாகச் சிலுவையை எடிட்டரிலேயே நான் போட்டுத் தருகிறேன் என்றேன். தடிப்பாக வராதே என்றார். மறைந்திருக்கும் குறிகளைப் பற்றி விளக்கினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப என் சிலுவைதான் மெஷினைக் கெடுக்குதுன்னு சொல்றியாம்மா?"

ஆமாம் என்றால் தெய்வ நிந்தனை, இல்லை என்றால் பொய். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விஷயம் அப்பாவிடம் போனது. மன்னிப்புக் கேள் என்றார், கேட்டேன். அன்று முதல் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் இரண்டு பிரதி: அவர் பார்க்கச் சிலுவையோடு ஒன்று, மெஷினுக்கு மொட்டையாக ஒன்று. ஒரு வரியைத் திருத்தினாலும் இரண்டிலும் திருத்தவேண்டும். மாடியில் இருந்தது ஒரே ஜன்னல், அதற்கும் இரும்புக் கம்பி.

பாடாங் செராய் எஸ்டேட்டில் மேனேஜர் முன்னால் ப்ரோகிராமை ஓட்டிக் காட்டும் நாள் வந்தது. மொட்டைப் பிரதி இருந்த டிஸ்க்கை மேசைமேல் வைத்து, இதைத்தான் கொண்டுபோகவேண்டும் என்று சொல்லியும் வைத்தேன். முதலாளி ஜெபம் செய்துவிட்டுச் சிலுவை போட்டதை எடுத்துப் போனார். அங்கே அது ஓடவில்லை. திரும்பி வந்தவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"ப்ரோகிராம்லாம் உனக்கு வேணாம்மா. நீ அடிக்கிற லெட்டர்தான் ரொம்ப அழகு. இனிமே அதை மட்டும் பாரு, போதும்லா. சம்பளம் அதேதான்."

அப்பாவுக்குச் சந்தோஷம். மகளுக்கு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது என்று சபையில் எல்லோரிடமும் சொன்னார். எனக்குப் போக வேறு இடமில்லை.

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல வேர்ட் பிராசசரில் ஒரு கடிதம் அடித்தேன். சுங்கை பட்டாணியில் நான் படித்த அதே கம்ப்யூட்டர் வகுப்புக்கு. ப்ரோகிராம் நன்றாக எழுதத் தெரிந்த பையன் ஒருவன் தேவை என்று. தலையில் சிலுவையைப் போட்டேன், நடுவில், தடிப்பாக. ஒரு பிசகும் இல்லாமல் வந்தது.