துணிப்பை கட்டிய காட்டுத்துவரை

வேங்கிக்காலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். வசந்தா மேடத்தின் மகன் போனில், "அம்மா காலையில தவறிட்டாங்க சார்" என்றார். மலையடியில் மேடம் துணிப்பை கட்டிவிட்டு வந்த காய்கள்தான் நினைவுக்கு வந்தன. அவற்றை இனி யார் அவிழ்ப்பது? அன்று முழுக்க இதே தவிப்பு.

அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஓரிடத்தில் உட்காரமாட்டார். கல்லூரித் தாவரவியல் துறையில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. எங்களுக்குள் ஓயாத சண்டை இரண்டு காட்டுத்துவரைக் கொடிகளைப் பற்றியது. ஒன்று தரையோடு படரும், சின்ன இலை. கீழ்பென்னாத்தூர் வரப்பு வரை எங்கும் உண்டு. மற்றது புதர்மேல் ஏறும், அகன்ற இலை, அடிப்புறம் வெளுத்த சுணைமுடி. அதில் எங்கள் கண்ணில் பட்டது கிரிவலப் பாதையோரம் ஒரே ஒரு கொடி. "நிழல்ல வளந்ததால இலை பெருத்துடுச்சு. ரெண்டும் ஒண்ணுதான்" என்பேன். "ஒண்ணுனு எழுதிட்டா, இது செத்தாக்கூட மத்ததுதான் ஜாஸ்தியா இருக்குதேன்னு யாரும் தேடமாட்டாங்க சார்" என்பார்.

காட்டுத்துவரை முற்றினால் வெடித்து விதையைச் சிதறடித்துவிடும். அதனால் காய் பச்சையாக இருக்கும்போதே பழைய வேட்டித் துணியில் சிறு பை தைத்துக் கட்டிவிடுவார். கிரிவலம் வந்தவர்கள் அதைப் பிள்ளைவரம் கேட்டுக் கட்டிய முடிச்சு என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த பௌர்ணமிக்குள் மஞ்சள் துணி, வளையல், குட்டித் தொட்டில் எல்லாம் வந்து சேர்ந்து, கொடி பாரம் தாங்காமல் தொங்கியது. எனக்கு ஆத்திரம். பலகை வைக்கலாம் என்றேன்.

"சும்மா இருங்க சார். மரம் நட வந்தவங்க சுத்தி இருந்த புதரெல்லாம் வெட்டிட்டாங்க, இத மட்டும் தொடல பாருங்க" என்றவர், தொட்டில்களைப் பக்கத்து வேம்புக்கு மாற்றிக் கட்டினார். "கொஞ்சம் தள்ளிக் கட்டினா சாமி கோச்சுக்காது."

தகனம் முடிந்த மறுநாள் காலை அங்கே போய்ப் பைகளில் கை வைத்தேன்.

"அவுக்காதீங்கய்யா, யாரோ வேண்டிக்கிட்டு கட்டினது" என்றார் பூக்கூடையோடு வந்த ஒரு பெண்.

"கட்டினவங்க போய்ட்டாங்கம்மா" என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார். "அப்போ மீதிய நீங்கதான் முடிக்கணும்" என்று சொல்லி, அவரே முதல் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே காய்கள் வெடித்திருந்தன. ஒரு விதைகூட மண்ணில் விழவில்லை.

விதைகள் இப்போது என் மேசையில், தனி உறையில், தனிப் பெயரோடு இருக்கின்றன. விதைக்க மழை வரவேண்டும். வகுப்பு நடுவில் எழுந்து ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன். உட்கார முடியவில்லை. மேடம் எனக்கு விட்டுப்போனது அதுதான்.