லிங்கராஜுக்கு வந்த சக்கரை

ஆரியசாலையில் மருந்துச்சரக்குக் கடைகள் இருக்கிற சந்தில் கண்ணைக் கட்டி விட்டாலும், எந்தக் கடை வாசலில் நிற்கிறோம் என்பதை லிங்கராஜ் மூக்கை வைத்தே சொல்லிவிடுவார். பாறசாலைப் பக்கத்து ஆள். மீசை முளைத்த காலத்தில் வந்து தராசுக்குப் பின்னால் நின்றவர், மீசை நரைத்த பிறகும் அங்கேயேதான் நிற்கிறார். ஆளுக்கொரு குரல் வைத்திருந்தார். நாகர்கோவில் வைத்தியருக்குத் தமிழ், நெய்யாற்றின்கரை வைத்தியருக்கு மலையாளம், முதலாளிக்கு வெறும் இருமல்.

வேர் வாசம் அவர் தோலிலேயே ஊறிவிட்டது. எந்த சோப்பும் எடுபடவில்லை. மனைவி சரோஜம் துணி துவைக்கும்போதெல்லாம் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அங்கலாய்ப்பாள்: "எனக்க அப்பா என்னை மனுஷனுக்கா கெட்டிக் குடுத்தாரு? கசாயத்துக்குல்லா கெட்டிக் குடுத்தாரு."

மலையாளக் கணக்கில் போன துலாம் மாசம், ஐப்பசியில், டாக்டர் அவருக்குச் சக்கரை என்றார். தினமும் நடக்கணும் என்றார். சந்தில் நடக்கப் போனால் மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரன் தள்ளுகிறான், ரோட்டில் நடக்கப் போனால் பஸ் தள்ளுகிறது. பக்கத்து வீட்டு அஸ்வதிதான் வழி சொன்னாள். பேங்கில் வேலை பார்க்கிற பெண். ஞாயிறு காலையில் நாலைந்து பேரோடு ஊருக்கு வெளியே கரிப்பாறைக் குன்றுக்குப் பூச்சி பார்க்கப் போவாள். மாமாவும் கூட வந்தால் நடந்த மாதிரியும் ஆச்சு, கண்ணுக்கும் நல்லது என்றாள்.

பூச்சியைப் பார்க்க வண்டி பிடித்துப் போகணுமா என்று முதல் வாரம் சிரித்தார். இரண்டாம் வாரம் மற்றவர்களுக்கு முன்னால் போய் நின்றார். செம்மண் குன்று, உச்சியில் கறுத்த பாறை, இடையில் இடுப்பளவு புல். வழியில் கால் வைக்கும்முன் ஒரு பச்சை வண்டு எழும்பி, நாலடி தள்ளி உட்கார்ந்து, திரும்பிப் பார்த்தது. பாறை நிழலில் குழியானைப் பூச்சிகள் தோண்டி வைத்த குட்டிக் குழிகள். கிலுகிலுப்பைச் செடியில் நீலப் பட்டாம்பூச்சிகள் சந்தைக் கூட்டம் மாதிரி மொய்த்தன. ஆனால் அவரைப் பிடித்துப் போட்டது பூச்சி இல்லை. கடைக்கு எல்லாமே செத்துக் காய்ந்துதான் வந்து சேரும். அதே பேர்களெல்லாம் இங்கே பச்சையாக நின்றன.

பாறையின் கீழ்வரிசையில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டி, இதுதான் கருடக்கொடி என்று அஸ்வதி சொன்னபோது அவர் குனிந்து இலையைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை காலமும் கிலோக் கணக்கில் நிறுத்துப் போட்ட வேர். அதற்கு இலை இருக்கும் என்பதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

அந்தச் சந்தோஷம் வாயில் நிற்கவில்லை. மறுநாள் காட்டாக்கடையிலிருந்து வேர் கொண்டுவரும் ஜெயன் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். தனக்கும் காடு தெரியும் என்று காட்டிக்கொள்கிற ஆசையில், "எடே ஜெயா, கருடக்கொடிக்கு நீ எங்கயெல்லாமோ அலையுதியே, கரிப்பாறையில வாரிக் கெடக்கு" என்று அவனிடம் சொன்னார். பெருமைக்குச் சொன்னதுதான். சொல்லிவிட்டு அவர் மறந்தும் போனார். ஜெயன் மறக்கவில்லை. தனு மாசம் செம்மண் ஒட்டிய ஈர வேர் மூட்டை கடைக்கு வந்தது. அதைக் காய வைக்கச் சொல்லி மேல்மாடிக்கு ஏற்றியவரும் லிங்கராஜ்தான். எந்த மண் என்று யோசிக்கவில்லை.

கும்ப மாசம் பிறந்தது. குன்றில் பட்டாம்பூச்சிகள் பெருகும் காலம். ஒரு ஞாயிறு, கறுப்புச் சிறகும் ரத்தச் சிவப்பு உடம்புமாக ஒன்று எங்கிருந்தோ வந்து லிங்கராஜைச் சுற்றியது. வேறு யாரிடமும் போகவில்லை. அவர் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. மலையாளத்தில் அதன் பேர் சக்கரசலபம், சக்கரைப் பட்டாம்பூச்சி என்றாள் அஸ்வதி. கூட்டம் மொத்தமும் சிரித்தது. சக்கரைக்காரரைத் தேடிச் சக்கரை வந்திருக்கு என்றார்கள். அவரும் சிரித்தார். வீட்டுக்குப் போய், சக்கரை தின்கிற பூச்சி போலிருக்கு என்று சொல்லி ஜன்னலில் ஒரு கருப்பட்டித் துண்டு வைத்தார். எறும்புதான் வந்தது.

அடுத்த ஞாயிறும் அது வந்தது. தோளில் உட்கார்ந்து முன்கால் இரண்டாலும் சட்டையைத் தட்டியது. கதவு தட்டுகிற மாதிரி.

ஏன் தட்டுகிறது என்று கேட்டார். ருசி பார்க்கிறது என்றாள் அஸ்வதி. இந்த ஜாதி முட்டையிடக் கருடக்கொடி வேண்டும். தட்டிப் பார்த்து, அதுதான் என்று தெரிந்த பிறகே முட்டை வைக்கும். மாமாவுக்குக் காட்டினபோதுகூடப் பாறையடி முழுக்கக் கொடி இருந்தது. யாரோ வேரோடு பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பாறையடியைக் கைகாட்டினாள். "எந்தப் பாவியோ மாமா. ஒண்ணு கூட மிச்சம் வைக்கல்ல கேட்டேளா."

லிங்கராஜ் பாறையடியைப் பார்த்தார். வரிசையாகக் குழிகள். குழியானை தோண்டியது இல்லை. முதலாளி முன்னால் வருகிற இருமல் அவருக்கு வந்தது.

அதற்குப் பிறகு பட்டாம்பூச்சி குன்றோடு நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை, லாரி ஹாரனும் கைவண்டியும் முட்டிக்கொள்கிற ஆரியசாலைச் சந்துக்குள் அது வந்தது. அதேதானா, அதன் ஜாதியில் இன்னொன்றா, யாருக்குத் தெரியும். மல்லி மூட்டை, மிளகாய் மூட்டை எல்லாவற்றையும் தாண்டி நேராகக் கடைக்குள் நுழைந்தது. கருடக்கொடி மூட்டைமேல் ஒரு சுற்று, லிங்கராஜ் தலைமேல் ஒரு சுற்று. துண்டை வீசினார். சத்தமே இல்லாமல் விலகி, சத்தமே இல்லாமல் திரும்பி வந்தது. திட்டினால் பதிலுக்குத் திட்டுகிற ஊரில் வளர்ந்தவருக்கு அந்தச் சத்தமில்லாமைதான் தாங்கவில்லை.

புதன்கிழமை அது வீட்டு முற்றத்துக்கு வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவர் சட்டையில் உட்கார்ந்திருந்தது. சரோஜம் கேலி பேசுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இஞ்ச பாருங்க. இந்தப் பாப்பாத்திப்பூச்சி சும்மா வரல்ல. உங்ககிட்ட என்னமோ இருக்கு. அதைத் தா, தாண்ணு கேக்குது."

அது பறந்து போனதும் அவர் சட்டையை எடுத்துப் பார்த்தார். பாக்கெட் மடிப்புக்கு அடியில் கடுகளவு ஒரு முட்டை. சிவப்பு.

அஸ்வதியிடம் கொண்டுபோய்க் காட்டினார். வாசம் கண்டு, சட்டையைக் கொடி என்று நினைத்து அதற்குத் தெற்றிப்போச்சு என்றாள். சனிக்கிழமைக்குள் பொரிந்துவிடும், பொரிந்ததும் தின்னப் பச்சை இலை வேண்டும். காய்ந்தது ஆகாதா என்று லிங்கராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உணக்கினது அதுக்கு ஆகாது மாமா. பச்சைதான் வேணும்."

வியாழனும் வெள்ளியும் அவர் நர்சரி நர்சரியாகக் கேட்டார். கோட்டைக்குள் தெரிந்த வைத்தியர் வீட்டுத் தோட்டத்தில் கேட்டார். கடையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிற பொருளின் ஒரு பச்சை இலை ஊரில் கிடைக்கவில்லை. வெள்ளி மாலை நெய்யாற்றின்கரை வைத்தியர் வந்து கருடக்கொடி கேட்டார். கை பழகிய கை. நிறுத்துக் கொடுத்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் முட்டை கறுத்திருந்தது. சட்டையை மடித்து ஒரு பாத்திரத்தில் வைத்துக்கொண்டு காட்டாக்கடை பஸ் ஏறினார். கண்டக்டர் சாப்பாடு என்று நினைத்து, சாய்க்காமல் பிடிக்கச் சொன்னார்.

ஜெயன் முற்றத்தில் வேர் பரப்பிக்கொண்டிருந்தான். லிங்கராஜ் பாத்திரத்தைத் திறந்து காட்டினார். எட்டிப் பார்த்த ஜெயனின் முகம் மாறியது.

"உமக்கும் வந்திற்றா?" என்றான்.

தனு மாசம் முழுக்க அது தன்னைச் சுற்றியதாம். சோறு தின்னும்போது இலைமேல், படுத்திருக்கும்போது நெஞ்சுமேல். பொண்டாட்டி அம்பலத்துக்குப் போய் மந்திரித்த நூல் வாங்கி வந்து அவன் கையில் கட்டினாள். நூலிலும் வந்து உட்கார்ந்தது. கடைசியில் மூட்டையிலிருந்து ஒரு பச்சை வேரை எடுத்துக் கிணற்றடியில் நட்டான். கொடி வந்தது. பூச்சி அதோடு நின்றுகொண்டது. சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனான். கொடி கல்லைச் சுற்றி ஏறியிருந்தது. வேர்விட்ட ஒரு துண்டை வெட்டி மண்ணோடு சிரட்டையில் வைத்துக் கொடுத்தான்.

"ஆனா ஒண்ணு அண்ணே. எனக்க வீட்டுல கொடி நிக்குன்னு கடையில சொல்லப்பிடாது. உமக்க வாய் நல்ல வாய் இல்ல."

லிங்கராஜ் சிரட்டையை வாங்கிக்கொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் பாத்திரத்தைத் திறந்தார். பொரிந்திருந்தது. நூல் துணுக்கு மாதிரி ஒரு கறுத்த புழு, இலை கிடைக்காமல் தன் முட்டையோட்டையே தின்றுகொண்டிருந்தது. நகத்தால் ஏந்தி இலையில் விட்டார். இடம் மாறியதும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு தின்னத் தொடங்கியது.

ஞாயிறு காலை கரிப்பாறையில் மற்றவர்களை முன்னே போகவிட்டு, பறித்த குழிகளில் ஒன்றிலேயே கொடியை நட்டார். புழு இலைக்கு அடியில் இருந்தது. சிரட்டைத் தண்ணீரை ஊற்றிவிட்டு நிமிர்வதற்குள் பட்டாம்பூச்சி வந்துவிட்டது. கொடியின்மேல் இறங்கித் தட்டியது. லிங்கராஜ் சிரட்டையைக் கீழே வைத்தார். ஜெயன் சொன்னபடி இனி விட்டுவிட்டுப் போகும்.

போகவில்லை. எழும்பி அவர் விரல்களில் வந்து உட்கார்ந்து தட்டியது. வெள்ளிக்கிழமை வேர் நிறுத்த விரல்கள். திரும்பக் கொடிக்கு, திரும்ப விரலுக்கு. இரண்டில் எது உண்மை என்று அதற்குத் தெரியவில்லை.

பாக்கெட்டில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். நெய்யாற்றின்கரை வைத்தியர். அந்தக் கருடக்கொடி அருமை, இன்னும் வேண்டும், நாளை ஆளனுப்பட்டுமா என்றார்.

"இல்ல" என்றார் லிங்கராஜ்.

தீர்ந்துவிட்டதா, எப்போது வரும் என்று கேட்டார் வைத்தியர். லிங்கராஜ் இல்லை என்று சொல்லி அவர் கேட்டதே கிடையாது. லிங்கராஜுக்கு மேல்மாடி தெரிந்தது. பாதிக்குமேல் நிறைந்த மூட்டை தெரிந்தது. முதலாளி முகமும் தெரிந்தது. இந்த முறை இருமல் வரவில்லை.

"வராது. இனி எனக்க கையால வராது."

மேலே பாறையிலிருந்து அஸ்வதி கூப்பிட்டாள். "மாமா, சக்கரை வந்தாச்சா?"

அவர் கையை இறக்கவில்லை. விரல்மேல் அந்தச் சின்னக் கால்கள் இன்னும் தட்டிக்கொண்டிருந்தன.