சுரண்டிவிட்டுப் போட்ட சாலை

மலேசியாவின் கெலாங் பாத்தாவில் எங்கள் தாமான் குடியிருப்புக்குப் புதுச் சாலை போடப் போகிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அக்கம்பக்கத்தார் கைதட்டும் படங்களைப் போட்டுத் தள்ளினார்கள். நான் மட்டும் எழுந்துபோய் வாசல் மட்டத்தைப் பார்த்தேன். சென்னையிலிருந்து வாசிப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் விளக்கியாக வேண்டும்.

சென்னை மடிப்பாக்கத்தில் அப்பா மேடு பார்த்து, மூன்று படி வைத்து வீடு கட்டினார். பிறகு தெருவுக்குச் சாலை வந்தது. பழையதன்மேல் புதியது, அதன்மேல் இன்னொன்று என்று தோசைமேல் தோசையாக அடுக்கினார்கள். சாலை வளர்ந்தது, வீடு வளரவில்லை. இன்று தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். ஐப்பசி பிறந்தால் மழைத் தண்ணீரும் அதே வழியாக இறங்கி வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று இப்போது அங்கேயும் சொல்கிறார்கள். எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. அப்பா போனபின் அம்மா அங்கே தனியாக இருக்கிறார். போன மழைக்குத் தண்ணீர் கட்டில் சட்டம் வரை வந்தது. இங்கே வந்துவிடச் சொன்னால், "உங்கப்பா கட்டின வீட்டை விட்டுட்டு எங்கடா வர்றது?" என்பார். அதற்குமேல் பேசினால் போனை வைத்துவிடுவார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தச் சனிக்கிழமையே செங்கல்லும் சிமெண்டும் வாங்கி வந்து, கேட்டுக்கு வெளியே, சாக்கடை வாயையும் சேர்த்து, முழங்கால் உயரத்துக்குத் தடுப்புக் கட்டினேன். இனிமேல் என் காரே உள்ளே வர முடியாது என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. திங்களன்று மாநகர் மன்றத்திலிருந்து வேலையை மேற்பார்வையிட வந்த பொறியாளர் கவிதா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாண்ணே இது? லோங்காங் வாய அடைச்சு வச்சிருக்கீங்க, தண்ணி எப்படி ஓடும்?"

"ரோடு உயருமேம்மா. அதுக்குத்தான்."

வேகத்தடை கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "மேடு வேணும்னா தனியா எழுதிக் கேக்கணும்ணே. நீங்களா கட்டக் கூடாதுலா."

அம்மாவின் வீடு என்று சொல்லி, போனில் மடிப்பாக்கம் வீட்டின் படத்தைக் காட்டினேன். கவிதா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அலாமாக்! வாசல விட ஒசரத்துல ரோடா? அம்மா இன்னும் இங்கதான் இருக்காங்களா?"

ஆமாம், இங்கே வரச் சொன்னாலும் மறுக்கிறார் என்றேன். கவிதா போனைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்குக் காலைல வீட்டுல இருங்கண்ணே. மொதல்ல சொரண்டுவோம். பாத்துட்டு அப்பறம் இந்தத் தடுப்ப ஒடச்சிக்கலாம்."

மறுநாள் பெரிய இயந்திரம் ஒன்று ஊர்ந்து வந்து பழைய சாலையைச் சுரண்டி, துகளை முன்னால் போன லாரியில் கொட்டியது. "இத தூக்கிப் போட மாட்டாங்கண்ணே. சூடு காட்டிப் புது தாரோட கலப்பாங்க. அந்த அளவுக்குக் கல்லுக்காக மலைய ஒடைக்க வேணாம்லா," என்றார் கவிதா. நான் அம்மாவுக்கு வீடியோவில் அழைத்துப் போனை இயந்திரத்தின் பக்கம் திருப்பினேன்.

"டேய், சுரண்டறாங்கடா! நெசமாவே சுரண்டறாங்க!"

கவிதா எட்டிப் பார்த்து, "வணக்கம்மா. உங்க மகன் வீட்ட விட ரோடு மேல வராதும்மா. தைரியமா வாங்க," என்றார்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பா இதைத்தாண்டா கேட்டுக் கேட்டு அலைஞ்சாரு." கொஞ்சம் பொறுத்து அவரே, "மழை முடியற வரைக்கும் வந்து இருக்கேன். பொங்கலுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டுடணும்," என்றார். வேலையாட்கள் என் தடுப்பை உடைத்து அதே லாரிக்குப் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கவிதாவுக்கு நான் ஒரு விருந்து வைக்க வேண்டும்.

ஐப்பசியில் அம்மா வந்தார். காரிலிருந்து இறங்கியவர் புதுச் சாலையைக் கையால் தொட்டுப் பார்த்தார். சாலையும் வாசலும் ஒரே மட்டம். கேட்டைப் பிடித்துக்கொண்டு, புடவையைச் சற்றே தூக்கி, வலது காலைக் கீழ்நோக்கி இறக்கினார். அங்கே மடிப்பாக்கத்துப் படி இல்லை. நினைத்ததைவிட முன்னாலேயே தரை வந்துவிட்டதால் தடுமாறினார். ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டேன்.

"பழக்க தோஷம்டா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வேலை முடிந்து அசதியாக வரும் நாட்களில் என் காலும் அதே இடத்தில் அந்தப் படியைத் தேடுகிறது என்று அவரிடம் சொல்லவில்லை.