முன்பின் தெரியாத வாசனை

காய்ச்சல் ஒன்று வந்து போனபோது என் மூக்கின் வேலையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. மூக்கு இருக்கிறது, மூக்குத்தியும் இருக்கிறது, வாசனை மட்டும் இல்லை. அடுப்பில் பால் தீய்ந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னால்தான் தெரியும். குத்துக்கல்வலசையில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த வருடம் அது. புது வீட்டின் பெயிண்ட் எப்படி மணந்தது என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

இதற்கென்று மருந்து கிடையாது என்றார் டாக்டர். எலுமிச்சை, கிராம்பு, மல்லிகை, தைலம் என்று நாலைந்தைத் தினமும் இரண்டு வேளை முகர்ந்து பார்க்கச் சொன்னார். மூக்கு மறுபடி பழகிக்கொள்ளலாம், பழகாமலும் போகலாம் என்றார்.

கொஞ்ச நாளில் மல்லிகை எனக்கு வந்துவிட்டது. வீடெல்லாம் சொல்லித் திரிந்தேன். என் கணவருக்குப் போலீஸ் வேலை, புளியறை சோதனைச் சாவடியில். தார்ப்பாயை அவிழ்த்துப் பார்க்காமல் எந்த லாரியையும் நம்பாதவர்.

"கண்ண மூடு," என்றார். மூடிய கையை என் மூக்கருகில் நீட்டினார்.

"மல்லி. நல்லா மணக்கு," என்றேன்.

கண்ணைத் திறந்தால், அவர் கை காலியாக இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குச் சோறு போட்டேனே தவிர முகம் பார்க்கவில்லை.

கோபம் ஆறிய பிறகு யோசித்துப் பார்த்தேன். மல்லிகை என்று எதிர்பார்த்ததுமே என் நினைவு வாசனையைத் தானாகத் தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. கிராம்பும் தைலமும் சுரீரென்று குத்துவது வெறும் காரம், அதற்கு மோப்பம் வேண்டாம். அப்படியென்றால் என் நினைவில் இல்லாத ஒரு வாசனைதான் எனக்கு வேண்டும். அது வந்தால் நிஜமாகவே வந்ததாக அர்த்தம். ஆனால் நாற்பது வருடம் மூச்சுவிட்டவளுக்கு எந்த வாசனை பாக்கி இருக்கும்? பெருங்காயம் முதல் பினாயில் வரை எல்லாம் தெரிந்ததுதான். கடைசியில் ஒன்று அகப்பட்டது. லாவெண்டர். எனக்கு அது ஒரு சேலை நிறம் மட்டுமே. அந்தச் செடியைப் பார்த்ததில்லை, அந்தப் பெயர் போட்ட சோப்பும் பவுடரும் எங்கள் வீட்டில் நுழைந்ததில்லை.

சொன்ன ஒரு வாரத்தில் கணவர் புளியறை சாலையிலிருந்த ஒரு நர்சரியிலிருந்து கறுப்புப் பையில் செடியோடு வந்தார்.

"கடைக்கார அண்ணாச்சி சொன்னாரு. வெயில் வேணுமாம், காத்து வேணுமாம், தண்ணி மட்டும் கொஞ்சமா ஊத்தணுமாம். வேருல ஈரம் நின்னா போயிருமாம். மத்தபடி ஒரு தொந்தரவும் இல்லன்னாரு."

மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பட்டியல் போடுவது மாதிரி இருந்தது. சாம்பல் பூசிய பச்சையில், ஓரமெல்லாம் சீப்புப் பல் வெட்டிய சின்னச் சின்ன இலைகள். வீடு கட்டி மிஞ்சிய செங்கல் துண்டுகளைத் தொட்டியின் அடியில் போட்டு, செம்மண்ணோடு சரிபாதி மணல் கலந்து நட்டேன். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். எதிர்வீட்டு அக்காவால் இதைத் தாங்கவே முடியவில்லை.

"ஏட்டி, வாயில்லா ஜீவன் காஞ்சு கெடக்கு. ஒரு சொம்பு தண்ணி ஊத்தினா கொறஞ்சா போயிருவ?"

தினமும் காலையில் ஒரு இலையைக் கசக்கி முகர்வேன். காற்றுதான் உள்ளே போய்வரும்.

எனக்குத்தான் வரவில்லை, மற்றவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தேன். ஆர்வம் என்பதைவிடப் பைத்தியம் என்றே சொல்லலாம். தலைவலித் தைலம் என்றாள் எதிர்வீட்டு அக்கா. பச்சைக் கற்பூரம் என்றார் சிலிண்டர் போட வந்தவர். கீரைக்காரம்மா திருநீற்றுப்பச்சிலை என்று அடித்துச் சொன்னாள். கணவரைக் கேட்டால் "நல்லா இருக்கு" என்பதோடு வாக்குமூலம் முடிந்துவிடும். ஒரே இலைக்கு இத்தனை பேச்சா என்று வியப்பாக இருந்தது. இத்தனை காலம் நாம் எல்லோரும் ஒரே வாசனையைத்தான் முகர்ந்துகொண்டிருந்தோமா என்றுகூடச் சந்தேகம் வந்தது.

ஆனியில் சாரல் தொடங்கியது. ஊரே சட்டைப் பையில் சீப்பு வைத்துக்கொண்டு குற்றாலம் கிளம்பும் நேரத்தில், தென்காசியிலேயே சாரலைத் திட்டிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இங்கே மழை மேலேயிருந்து விழுவதில்லை. மலைப்பக்கத்துக் காற்று அதைப் படுக்கப்போட்டுக் கொண்டுவரும். கொல்லையில் சன்ஷேடுக்கு அடியில் வைத்தும் தொட்டி நனைந்தது. பிறகு கவனித்தேன், எங்கள் வீட்டின் கிழக்கு முகப்பில் தரை காய்ந்தே கிடந்தது. மேற்கிலிருந்து வரும் சாரலுக்கு வீடே குறுக்கே நின்றுகொண்டிருந்தது. தொட்டியை முகப்புக்கு மாற்றினேன். மேகம் விலகும்போது காலை வெயிலும் அங்கே கிடைத்தது. செடி தலை நிமிர்ந்தது, நானும்தான்.

சீசன் என்றால் தென்காசிக்காரர்களுக்கு உறவு பெருகும். மதினி, கணவரின் அக்கா, குடும்பத்தோடு மதுரையிலிருந்து வந்து தங்கினார். காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவார்கள், மத்தியானம் பசியோடு வருவார்கள், சாயங்காலம் மறுபடி அருவி. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தபோதெல்லாம் முகப்புக் கொடியில் துண்டுகள் தொங்கின. கீழே என்ன இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த மறுநாள் காலை துண்டுகளை எடுத்தபோதுதான் பார்த்தேன். நாள் கணக்கில் எண்ணெயும் தண்ணீருமாகச் சொட்டித் தொட்டி சகதியாகக் கிடந்தது. தண்டுகள் அடியில் கறுத்திருந்தன. பாவம், மதினி வேண்டுமென்றா செய்தார்? கத்தவும் ஆளில்லை. தொட்டிப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். செடிக்காக அழவில்லை. இனி எதை வைத்து என் மூக்கைச் சோதிப்பேன் என்ற பயம்தான்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். அழுகியதை எல்லாம் வெட்டி எறிய, பச்சையாக ஒரே ஒரு கிளை மிஞ்சியது. அதையாவது காய்ந்த மணலில் ஊன்றிப் பார்க்கலாம் என்று அடி இலைகளை உருவினேன். மூக்கைப் பற்றிய நினைப்பே அப்போது இல்லை.

ஏதோ வந்தது. குத்தவில்லை, காரமில்லை. தெருவில் யாராவது போகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். விரல்தான். தைலம் இல்லை, கற்பூரம் இல்லை, பச்சிலை இல்லை. யார் சொன்னதும் இல்லை. உள்ளே ஓடிக் காப்பித்தூள் டப்பாவைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. பெருங்காயம், அதுவும் இல்லை. மறுபடி விரல். இருந்தது.

இரவு டியூட்டி முடிந்து அப்போதுதான் கணவர் வந்து வண்டியை நிறுத்தினார்.

"மணக்குங்க," என்றேன்.

கண்ணை மூடு என்று அவர் சொல்லவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினார். "வேற என்ன வருது?"

கிட்டே போய் அவர் காக்கிச் சட்டையின் தோளில் மூக்கை அழுத்தினேன். ராத்திரி முழுக்க லாரிப் புகையில் நின்ற சட்டை. நன்றாக இழுத்துப் பார்த்தேன்.

"நீங்க இன்னும் வரல," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"வருவேன். நீ மெதுவா பாரு," என்றார். கையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்காமல், நான் முகத்தை எடுக்கும்வரை அப்படியே நின்றார்.