வியாக்கியான வரம்

மைக்கின் வலைத்தலைக்கு ஒரு வாசனை உண்டு. மேடைப் பக்கம் போகாதவர் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. துருவும், முன்னால் பேசியவரின் எச்சிலும், அவர் மென்ற ஏலக்காயும் சேர்ந்த வாசனை. போன வாரம் ஆனையூரில் ஒரு கல்யாண வரவேற்பில், பெண்ணின் தாய்மாமன் "அண்ணே, ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசுங்க" என்று மைக்கை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வாழ்த்தினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த வாசனை ஏறியதும் நான் கோச்சடையில் ஒரு தகரக் கூரைக்குக் கீழே போய் நின்றுவிட்டேன். ஏசி மண்டபத்தில் எனக்கு வேர்த்தது.

அந்தத் தகரக் கூரைதான் அப்போது எங்கள் சபை. சும்மா வந்து உட்கார்ந்துவிட்டுப் போக அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. "கர்த்தர் வரம் குடுத்தது உனக்காக இல்ல, பக்கத்துல உக்காந்திருக்கானே, அவனுக்காக" என்பார் பாஸ்டர். பாட வந்தவருக்குப் பாட்டு வரம். பாட வராதவருக்குப் பிரியாணி கிண்டும் உபசரிப்பு வரம். இரண்டும் வராத ஒரு வங்கி அதிகாரிக்கு நாற்காலி போடும் ஒத்தாசை வரம். கேலிக்குச் சொல்லவில்லை. அவர் போட்ட வரிசையை நூல் பிடித்துப் பார்க்கலாம்.

நான் மட்டும் கொஞ்சநாள் வரம் இல்லாமல் தப்பித்துத் திரிந்தேன். பத்திரிகையில் உதவி ஆசிரியர் வேலை. இங்கிலீஷில் வரும் செய்திகளைத் தமிழில் எழுத வேண்டும். அது பாஸ்டர் காதுக்குப் போனது.

"தம்பி, இங்கிலீஷத் தமிழாக்குறீங்களாமே?"

"ஆமா ஐயா, அதான் பொழப்பு."

"பொழப்பு இல்ல தம்பி. வியாக்கியான வரம்!"

தவறு அங்கேதான் நடந்தது. வேதத்தில் சொல்லும் வியாக்கியானம் வேறு. ஜெபத்தின் உச்சத்தில் சிலருக்கு யாருக்கும் தெரியாத ஒரு பாஷை நாவில் வரும். அந்நிய பாஷை என்பார்கள். அதன் பொருளை இன்னொருவர் சொல்வதுதான் வியாக்கியானம். அகராதி வைத்துக்கொண்டு செய்கிற என் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் சபை கைதட்டிவிட்டது. கைதட்டிய பிறகு திருத்தம் போட முடியாது.

அதன்பின் வெளியூர்ப் பிரசங்கியார் யார் வந்தாலும் பக்கத்தில் நான். அவர் நடந்தால் நானும் நடக்க வேண்டும். அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்த வேண்டும். ஒருவர் நடுவில் அழுதுவிட்டார். மொழிபெயர்ப்பாளனும் அழ வேண்டுமா என்று யாரும் சொல்லித் தரவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சிவைத்தேன்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ரூத் அக்காவின் வெள்ளிக்கிழமையைத்தான் சமாளிக்க முடியவில்லை.

ரூத் அக்காவின் கணவர் செல்வம், லோடு ஆட்டோ ஓட்டுபவர். வாடிப்பட்டி தேங்காய்களை மதுரைக்குக் கொண்டுவருவார். சபைக்கு வரமாட்டார், பாண்டி கோயிலுக்குத்தான் போவார். மனைவியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே வண்டியிலேயே காத்திருப்பார். சர்க்கரை முற்றி வலது பாதத்தில் புண். காலை எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரியில் அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். அக்கா அழுது சொல்லியும் அவர் மசியவில்லை. "பிரேக்க எதுல மிதிக்கிறது? ஒன் தலையிலயா?" என்று கத்தியிருக்கிறார். கடைசியில் ஒரு எகத்தாளம்: "ஒங்க சாமி வந்து வெட்டுன்னு சொல்லட்டும், வெட்டிக்கிறேன்."

அவர் கேலியாகச் சொன்னதை அக்கா வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். உச்சி வெயில், தகரம் கொதித்தது. அக்கா முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று வேறு பாஷையில் பேச ஆரம்பித்தார். நீளமாக, வேகமாக. முடித்ததும் கூட்டம் அமைதியானது. பாஸ்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். மைக் கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது.

"தம்பி, வியாக்கியானம்."

அக்கா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'காலை எடு.' சொன்னால் ஒரு மனிதர் பிழைப்பார். நல்லதைத்தானே சொல்கிறோம், கர்த்தரும் கோபிக்கமாட்டார் என்று தோன்றியது. அதே நேரத்தில் எங்கள் செய்தி ஆசிரியரின் குரலும் கேட்டது: "காதுல விழாதது காகிதத்துல விழக்கூடாதுய்யா." கதவு அருகில்தான் இருந்தது, ஆனால் வழி முழுக்க முழங்கால் போட்ட ஜனங்கள். மைக் வழுக்கியது. வலைத்தலையிலிருந்து ஏலக்காய் நெடி ஏறியது.

"எனக்குப் புரியல ஐயா" என்றேன். அதையும் மைக்கிலேயே சொல்லித் தொலைத்தேன். தெருவரை கேட்டது.

யாரோ ஒரு அம்மா "ஸ்தோத்திரம்" என்று சமாளித்தார். பாஸ்டர் மைக்கை வாங்கிக்கொண்டார். அதன்பிறகு என்னிடம் அது திரும்பி வரவில்லை. ரூத் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்க்க மாட்டாமல் வெளியே வந்தேன்.

வண்டிக்குள் செல்வம் பாதத்தைத் தூக்கிப் பலகையில் வைத்திருந்தார். தேங்காய் நார் வாசனையை மீறி அந்தப் புண்ணின் நாற்றம் வந்தது.

"என்ன மாப்ள, என்ன சொன்னாராம் ஒங்க சாமி?"

"எனக்குப் புரியலண்ணே."

"கேட்டுச்சே, மைக்குல!" சிரித்தார். சிரித்து முடித்துப் பாதத்தைப் பார்த்தார். "புரியலன்னு சொன்ன மொத ஆளு நீதான்யா. பூசாரிக்குப் புரியுது, பாஸ்டருக்குப் புரியுது, மருந்துக்கடைக்காரனுக்குக்கூட என் காலப் பத்தி எல்லாம் புரியுது. நாளைக்கு டாக்டருகிட்ட வாரியா? அவங்க இங்கிலீஷ்ல குசுகுசுன்னு பேசிக்கிறாக. அத எனக்குச் சொல்லு. எம் பொண்டாட்டிட்டச் சொல்லாத, எங்கிட்டச் சொல்லு."

போனேன். பெரிய டாக்டர் சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். கையை உயர்த்தவில்லை, நடக்கவில்லை. கட்டிலோரம் குனிந்து சொன்னேன்: "முழங்காலுக்குக் கீழ எடுக்கணுமாம். விட்டா ரத்தத்துல ஏறிருமாம். எடுத்தாலும் முழு உத்தரவாதம் தர முடியாதாம்."

"அம்புட்டுந்தானா? நீயா எதாச்சும் சேத்தியா, கொறச்சியா?"

"இல்லண்ணே."

சுவரைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். பிறகு, "சரி, எடுக்கச் சொல்லு" என்றார்.

பிழைத்தார். வண்டியை விற்றுவிட்டு ஆரப்பாளையம் பக்கம் தேங்காய்க் கடை போட்டார். சபைக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் சபையில் யாருக்கு நோய் வந்தாலும் என்னை அழைத்துப்போகச் சொல்லிவிடுவார்: "மாப்ளையக் கூட்டிட்டுப் போங்க. அவன் சேக்கமாட்டான்." என் வரத்துக்கு அவர்தான் தலையில் கைவைத்து ஜெபித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகரக் கூரை இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. பாஸ்டர், தன் மகன் வீட்டுக்கே போய்விட்டார். செல்வம் அண்ணன் நன்றாக வாழ்ந்து, வேறொரு நோவில் போனார். ரூத் அக்காவும் இப்போது இல்லை.

என்னை மட்டும் இன்னும் கூப்பிடுகிறார்கள். போன மாதம்கூட ஒருவருடைய கட்டிலோரம் குனிந்து, 'இனிச் செய்ய ஒன்றுமில்லை' என்பதைத் தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, வழக்கம்போல, 'சேத்தியா, கொறச்சியா' என்ற அந்தக் கேள்விக்காகக் கொஞ்சம் நின்றேன். அவர் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.